ஆய்வகம் குடும்பம் அன்று

டிசம்பர் பிறந்ததும் கருத்தரங்குப் பருவம் தொடங்குகிறது. நிதியாண்டு முடியும் மார்ச் வரை நாட்டின் பல்கலைக்கழக விருந்தினர் விடுதிகளில் அறை கிடைப்பது அரிது. இந்தப் பருவம் முழுவதும் ஒரே வகையான புகைப்படம் சமூக ஊடகங்களில் மீண்டும் மீண்டும் வெளியாகிறது. நடுவில் நரைத்த தலையுடன் ஆய்வு நெறியாளர் நிற்கிறார். இருபுறமும் அவருடைய பழைய மாணவர்கள், கழுத்தில் பேராளர் அட்டை, பின்னால் கருத்தரங்கின் பதாகை. படத்துக்கு மேலே எழுதப்படும் வாசகமும் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘பல்லாண்டுகளுக்குப் பின் எங்கள் ஆய்வகக் குடும்பம் ஒன்றுகூடியது.’ அதன் கீழே வாழ்த்துகள் குவிகின்றன.

அந்த மகிழ்ச்சியில் பொய்யில்லை. ஐந்தாறு ஆண்டுகள் ஒரே ஃபியூம் ஹுட்டுக்கு முறைவைத்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். இரவு 2 மணிக்குக் கிடைத்த என்.எம்.ஆர். நேரத்தைத் தவறவிடக் கூடாதென்று ஒருவரையொருவர் எழுப்பிவிட்டவர்கள். உதவித்தொகை வராத மாதங்களில் ஒருவர் கைக்காசில் மற்றவர் உண்டவர்கள். அத்தகையோர் மீண்டும் சந்திக்கும்போது தோன்றும் நெகிழ்ச்சியை எள்ளி நகையாட யாருக்கும் உரிமையில்லை. கேள்விக்கு உட்படுத்த வேண்டியது படத்தின் மேல் எழுதப்பட்ட ஒரு சொல்லை மட்டுமே. அது ‘குடும்பம்’ என்ற சொல்.

வட இந்திய ஆய்வகங்களில் மூத்தவர்களை ‘பையா’ என்றும் ‘தீதி’ என்றும் அழைப்பது வழக்கம். தமிழ்நாட்டில் அவர்கள் ‘அண்ணா’வாகவும் ‘அக்கா’வாகவும் ஆகிறார்கள். நெறியாளர் தந்தை நிலையில் வைக்கப்படுகிறார். அவருடைய நெறியாளர் பாட்டனார் ஆகிவிடுகிறார். இந்த உறவுமுறை ஆய்வகத்தின் அன்றாடக் கடுமையைச் சற்றுத் தணிக்கிறது என்பது உண்மை. ஆனால் அது வேறொன்றையும் செய்கிறது. தந்தை நிலையில் இருப்பவரிடம் விடுப்புக் கேட்க மாணவர் கூசுகிறார். உழைத்தவரின் பெயர் கட்டுரையில் எப்படி நான்காம் இடத்துக்குப் போனது என்று இளையவர்கள் வாய்திறப்பதில்லை. உதவித்தொகை தாமதமானால் பொறுத்துக்கொள் என்பதே குடும்பத்தின் மறுமொழியாக இருக்கிறது. எந்த வேலையிடத்திலும் எழுத்தில் இருக்க வேண்டிய உரிமைகள் இங்கே பாசத்தின் பெயரால் வாய்மொழியாகிவிடுகின்றன.

ஆய்வகத்தை விட்டு வெளியேறிய பின்னும் இச்சொல்லின் வேலை முடிவதில்லை. குடும்ப விழாவுக்கு வராதவர், வர மனமில்லாமல் வராதவராகவே கருதப்படுவார். பழைய ஆய்வகத் தோழர்களின் சந்திப்பிலும் அதே கணக்குப் போடப்படுகிறது. வராதவர் ஏன் வரவில்லை என்று எவரும் ஆராய்வதில்லை.

ஒரே ஒரு ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளலாம். வட இந்திய நகரம் ஒன்றில், ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் கரிம வேதியியல் ஆய்வகம் அது. ஏறத்தாழ ஒரே காலத்தில் அங்கே பணியாற்றியோர் ஒன்பது பேர். கடந்த குளிர்காலத்தில் ஒரு தேசியக் கருத்தரங்கை ஒட்டி அவர்கள் சந்தித்தபோது எடுக்கப்பட்ட படத்தில், நெறியாளரைத் தவிர, ஐவர் இருக்கிறார்கள். இருவர் தொழில்நுட்பக் கழகங்களில் உதவிப் பேராசிரியர்கள். ஒருவர் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் புல முதன்மையர். ஒருவர் ஹைதராபாத்தில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் இருக்கிறார். ஐந்தாமவர் ஜெர்மனியில் முதுமுனைவர் ஆய்வாளர்; தாயகம் வரும் விடுமுறையைக் கருத்தரங்குத் தேதிக்கு ஏற்ப அமைத்துக்கொண்டவர்.

படத்தில் இல்லாதவர்கள் நால்வர். அவர்களில் ஒருவர் திட்டப் பணியாளராக இருந்தவர். எம்.எஸ்சி. பட்டத்தோடு வந்து மூன்றாண்டுகள் அந்த ஆய்வகத்தின் சிலிக்கா ஜெல் தூசியைச் சுவாசித்தவர். மற்றவர்களின் ஆய்வேடுகளில் உள்ள சேர்மங்களில் பலவற்றைக் காலம் ஓட்டிப் பிரித்துக் கொடுத்தது அவர் கைதான். திட்டம் முடிந்த நாளில் அவர் வேலையும் முடிந்தது. இப்போது ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சுழல்முறைப் பணியில் இருக்கிறார். ஆண்டிறுதியில் சரக்கு அனுப்பும் வாரங்களில் அங்கே விடுப்புக் கிடையாது.

இரண்டாமவர் முனைவர் பட்டமும் இரண்டாண்டு முதுமுனைவர் ஆய்வும் முடித்த பெண். குழந்தை பிறந்தபின் மூன்றாண்டுகளாக எந்த நிறுவனத்திலும் இல்லை. மூன்றாமவர் அசாமில் ஒரு கல்லூரியில் வகுப்புக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் விருந்தினர் விரிவுரையாளர். கருத்தரங்குக்கு நான்கு நாள் போனால் நான்கு நாள் ஊதியம் போகும். நான்காமவர் நெறியாளரோடு மனத்தாங்கல் ஏற்பட்டு, நான்காம் ஆண்டில் பட்டமின்றி வெளியேறியவர். அவரை யாரும் அழைக்கவே இல்லை.

படம் வாட்ஸ்ஆப் குழுவில் வந்ததும், குழுவில் இருக்கும் மூவரும் கைகூப்பும் சின்னம் ஒன்றை இட்டார்கள். ‘அடுத்த முறை கட்டாயம் வர வேண்டும்’ என்று ஐவரும் அன்போடு எழுதினார்கள். அத்துடன் உரையாடல் முடிந்தது.

இந்த நால்வரில் இரண்டாமவர் உண்மையில் வர முயன்றார் என்பது ஐவருக்கும் தெரியாது. கருத்தரங்கின் பதிவுப் படிவத்தை அவர் திறந்தார். அதில் ‘நிறுவனம்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. கட்டணத்தில் மூன்று பிரிவுகள் இருந்தன: மாணவர், கல்வி நிறுவனத்தார், தொழில்துறையினர். மாணவர் கட்டணத்துக்குத் துறைத்தலைவர் ஒப்பமிட்ட போனஃபைடு சான்றிதழ் வேண்டும். அவருக்குத் துறையும் இல்லை, தலைவரும் இல்லை. எனவே பேராசிரியர் செலுத்தும் முழுக் கட்டணத்தையே அவரும் செலுத்த வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் விபரீதத்தை ஒரு கணக்கிட்டுப் பார்க்கலாம். முழுக் கட்டணம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து வசூலிக்கும் கருத்தரங்குகளில் அது 9,440 ரூபாய் ஆகும். பேராசிரியருக்கு அத்தொகை ஆய்வுத் திட்ட நிதியிலிருந்தோ நிறுவனத்திலிருந்தோ கிடைத்துவிடுகிறது. மருந்து நிறுவன ஆய்வாளருக்கு அவருடைய நிறுவனம் செலுத்துகிறது. வருமானமே இல்லாத பெண் மட்டும் தன் சொந்தப் பையிலிருந்து, சரியாகச் சொன்னால் கணவரின் பையிலிருந்து, செலுத்த வேண்டும். ரயில் கட்டணமும் தங்குமிடமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இதற்கு மேல். யாரால் மிகக் குறைவாகக் கொடுக்க முடியுமோ அவரிடமிருந்து மிக அதிகமாகக் கேட்கும் ஒரு விதியைத் திட்டமிட்டு வகுத்திருந்தால்கூட இதைவிடச் செம்மையாக வகுத்திருக்க முடியாது.

மாணவர்களின் நிலையும் சிறப்பாக இல்லை. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. காகிதத்தில் அது கௌரவமான தொகையே. ஆனால் அது மாதந்தோறும் வருவதில்லை. பல மாதங்கள் நின்று, பிறகு மொத்தமாக வரும் தொகையை வைத்துக்கொண்டு எவரும் முன்கூட்டியே ரயில் சீட்டு எடுக்க முடியாது. நெட் உதவித்தொகை பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பயில்வோருக்கோ மாதம் 8,000 ரூபாய்தான். பத்தாண்டுகளுக்கு மேலாக அசையாத தொகை அது. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்த முடிவெடுக்கப்பட்டபோது, டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தின் முன் மாணவர்கள் இரவும் பகலும் அமர்ந்து போராடியிராவிட்டால் இன்று அதுவும் இருந்திராது. ஒரு மாத வாழ்க்கைச் செலவு முழுவதையும் விழுங்கும் கட்டணத்தைச் செலுத்தி எவர் பழைய தோழரைப் பார்க்கப் போவார்?

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். பழைய நண்பர்கள் கூடித் தேநீர் அருந்துவதற்கு மக்கள் வரிப்பணம் எதற்கு? கருத்தரங்கு என்பது ஆய்வுரைக்கான இடம்; நட்புக்கான இடம் அன்று.

இந்தியாவில் அறிவியல் மாநாடு எப்படித் தோன்றியது என்பதை அறிந்தவர்கள் இவ்வாறு பேச மாட்டார்கள். இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வித்திட்டவர்கள் இரு வேதியியலாளர்கள். சைமன்சென் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர். மக்மஹோன் லக்னோவின் கேனிங் கல்லூரியில் இருந்தவர். ஒருவரையொருவர் பார்க்கவே நாட்டின் பாதியைக் கடக்க வேண்டிய தொலைவில் பணியாற்றிய அவ்விருவரும், பரந்த நாட்டில் சிதறிக் கிடக்கும் ஆய்வாளர்கள் ஆண்டுக்கொரு முறை ஓரிடத்தில் கூடினால் ஆராய்ச்சிக்கு ஊக்கம் பிறக்கும் என்று எண்ணினார்கள். 1914 ஜனவரியில் கல்கத்தாவின் ஆசியாட்டிக் சொசைட்டியில் அசுதோஷ் முகர்ஜி தலைமையில் முதல் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் 105 பேர். படிக்கப்பட்ட கட்டுரைகள் 35. ஒருவருக்கு ஒரு கட்டுரை என்று கொண்டால், மூவரில் இருவர் கட்டுரை படிக்க வரவில்லை. மற்றவரைப் பார்க்கவும் கேட்கவும் பேசவுமே வந்திருந்தார்கள். சந்திப்பே மாநாட்டின் நோக்கமாக இருந்தது. மேடை அதற்குத் துணையாக இருந்தது.

பின்னாளில் அந்த முறை தலைகீழானது. மேடை வளர்ந்து சந்திப்பை விழுங்கியது. அறிவியல் மாநாட்டின் மேடை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை 2015-இல் மும்பையில் பேசப்பட்ட பண்டைய விமானங்களும், 2019-இல் ஜலந்தரில் பேசப்பட்ட சோதனைக்குழாய்க் கௌரவர்களும் காட்டின. 108ஆம் மாநாடு 2023 ஜனவரியில் நாக்பூரில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தன் நிதியுதவியை விலக்கிக்கொண்டது. 2024 ஜனவரியில் மாநாடு நடக்கவில்லை. ஊடகங்கள் விமானத்தையும் கௌரவரையும் பற்றி எழுதின. சிறு நகரக் கல்லூரிகளிலிருந்து முன்பதிவற்ற பெட்டிகளில் வந்து, ஆண்டுக்கொரு முறை தம் பழைய தோழர்களைப் பார்த்துச் சென்ற ஆசிரியர்களுக்கு என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

சந்திப்பு ஆராய்ச்சிக்குப் புறம்பான இன்பம் என்ற எண்ணமும் பிழையானது. பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் 1974-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. டி.இ.ஏ. லேசர் என்ற கருவியைப் பல ஆய்வகங்கள் எவ்வாறு உருவாக்க முயன்றன என்பதை அவர் பின்தொடர்ந்தார். வெளியான கட்டுரைகளை மட்டும் வைத்துக்கொண்டு அக்கருவியை இயங்கவைத்த ஆய்வகம் ஒன்றுகூட இல்லை என்று கண்டார். ஏற்கெனவே அதை இயங்கவைத்தவர்களோடு நேரில் தொடர்பு கொண்டிருந்தவர்களே வெற்றிபெற்றார்கள். எழுதியவர்கள் எதையும் மறைக்கவில்லை. தமக்குத் தெரிந்தவற்றுள் எது முக்கியம் என்பது அவர்களுக்கே முழுதாகத் தெரிந்திருக்கவில்லை.

வேதியியல் ஆய்வகத்தில் நின்றவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. ஓர் ஆய்வகத்தில் 80 சதவீதம் விளைச்சல் தந்த வினை மற்றோர் ஆய்வகத்தில் நகர மறுக்கும். கரைப்பானில் எஞ்சிய ஈரமா, புதிய புட்டியில் இருந்த மாசா, முந்தைய வினையிலிருந்து காந்தக் கலக்கியில் ஒட்டிக்கொண்ட பல்லேடியமா என்று மாதக்கணக்கில் தேட நேரிடும். அப்படி ஒட்டிய உலோகத் துகளே வினையை ஊக்கி நடத்திவிடும் என்பது இன்று ஆய்வுகளில் நிறுவப்பட்ட உண்மை. தோற்ற வினைகள் கட்டுரையில் ஏறுவதில்லை. அவை குறிப்பேட்டில் இருக்கின்றன. குறிப்பேடு பழைய ஆய்வகத்தின் அலமாரியில் இருக்கிறது. அதன் பொருள் அதை எழுதியவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. இந்த ஆய்வகத்தில் அந்த நினைவின் பெரும்பகுதி யாரிடம் உள்ளது? காலம் ஓட்டிய திட்டப் பணியாளரிடம். அவர் இப்போது தொழிற்சாலையில் இரவுப் பணியில் இருக்கிறார். ஐவர் கூடிய தேநீர் மேசையில் பேசப்பட்ட பழைய வினை ஒன்றுக்கு விடை தெரிந்த ஒரே மனிதர் அங்கே இல்லை.

வாட்ஸ்ஆப்பும் காணொலிக் கூட்டமும் இருக்கும்போது பயணம் எதற்கு என்போரும் உண்டு. அக்குழுவில் நெறியாளரும் உறுப்பினர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். எந்த வரைபடம் பலமுறை ‘சீர்செய்யப்பட்ட’ பின் கட்டுரைக்குப் போனது, யாருடைய ஆய்வேடு ஏன் ஓராண்டு மேசையில் கிடந்தது, எந்த மாணவி ஏன் மாலை 6 மணிக்குப் பின் ஆய்வகத்தில் இருக்க மறுத்தாள் என்பனவற்றை எவரும் குழுவில் எழுதுவதில்லை. எழுத்து திரைப்படியாகப் பரவும். பரிந்துரைக் கடிதம் நின்றுபோகும். இவை விடுதி வாசலில், இரவு உணவுக்குப் பின் நடக்கும் நடையில்தான் வெளிவருகின்றன. தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று ஒருவர் பத்தாண்டுகள் சுமந்ததைத் தோழர் ஒருவரும் அனுபவித்திருக்கிறார் என்று அறியும் இடம் அது. சந்திப்பிலிருந்து நால்வரை விலக்குவது, ஆய்வகத்தின் உண்மை வரலாற்றில் நான்கு சாட்சிகளை விலக்குவதாகும்.

விலக்கப்பட்டவர்கள் தகுதியில் குறைந்தவர்கள் என்ற எண்ணம் மேலோருக்குள் மெல்லிய குரலில் உலவுகிறது. அவர்கள் அன்னா மணியை நினைவுகூர வேண்டும். 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அவர், 1940-இல் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரத்தின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்து தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அளித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. பிறகு லண்டனுக்குச் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுத் திரும்பினார். இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, நாட்டின் வானிலைக் கருவித் தயாரிப்புக்கே அடித்தளம் அமைத்தார். அவருக்கு மற்றொரு நிறுவனம் வாய்த்தது. அதனால் அவர் பெயர் எஞ்சியது. அவ்வாறு வாய்க்காத எத்தனை பேர் எத்தனை ஆய்வகங்களிலிருந்து மறைந்தார்கள் என்பதற்குப் பட்டியல் இல்லை. பட்டம் பெற்றவர்களின் பெயர்கள் மட்டுமே துறைச் சுவரின் பலகையில் எழுதப்படுகின்றன.

கதவைத் திறந்தால் கருத்தரங்கின் தரம் தாழும் என்று அஞ்சுவோர், இதுவரை அது எதற்கெல்லாம் திறந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2010-இல் ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஏ.பி.ஐ. மதிப்பெண் முறை வந்தது. கட்டுரை படித்தால் மதிப்பெண் என்று ஆனதும், சான்றிதழ் வழங்குவதற்காகவே கருத்தரங்குகள் முளைத்தன. 2016 விதிமுறைகள், ஆய்வேட்டை அளிக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை படித்திருக்க வேண்டும் என்று மாணவர்களைப் பணித்தன. 2022 விதிமுறைகளில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், காலையில் பதிவு செய்து, பகலில் ஊர் சுற்றி, மாலையில் சான்றிதழ் வாங்கிச் சென்றவர்களுக்கு எந்த வாயிலும் அடைக்கப்படவில்லை. அவர்கள் கட்டணம் செலுத்தினார்கள்; அதுவே தகுதியாக இருந்தது. பத்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதிவிட்டு இன்று நிறுவனம் இல்லாமல் இருக்கும் பெண் வந்தால் மட்டும் தரம் தாழுமா?

பணம் இல்லை என்பது அடுத்த மறுமொழி. நாட்டின் எந்தக் கருத்தரங்கின் தொடக்க விழாவுக்கும் ஒருமுறை போய் அமர்ந்தால் போதும், பணம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். குத்துவிளக்கு, மலர் அலங்காரம், மேடையில் பத்து நாற்காலிகள், பத்துப் பேருக்கும் பொன்னாடை, பத்துப் பேருக்கும் கண்ணாடிப் பெட்டியில் நினைவுப் பரிசு. வாழ்த்துரை, சிறப்புரை, தலைமையுரை, நன்றியுரை என்று முற்பகல் கரைகிறது. அறிவியல் தொடங்கும்போது மேடையில் இருந்தவர்கள் காரில் ஏறிவிடுகிறார்கள். மாணவர்களின் உரைக்கு 8 நிமிடம் என்று சுருக்கப்படுகிறது. மணியடித்து அவர்களை இறக்குபவர், காலையில் 40 நிமிடம் பேசிய தலைவரை இறக்கத் துணியாதவர். இந்தப் பொன்னாடைகளின் விலையில் அசாமிலிருந்து ஒரு விருந்தினர் விரிவுரையாளரை வரவழைத்துத் திருப்பி அனுப்பலாம்.

வேறு வகையாக நடத்த முடியும் என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1931-இல் அமெரிக்காவில் தொடங்கிய கார்டன் ஆய்வு மாநாடுகள் காலையிலும் இரவிலும் மட்டுமே அமர்வு வைக்கின்றன. பிற்பகல் முழுவதும் பேராளர்கள் தம்முள் பேசுவதற்கென்று விடப்படுகிறது. அங்கே சொல்லப்படுவதை வெளியே மேற்கோள் காட்டக் கூடாது என்பது விதி. வெளியிடப்படாத முடிவையும் அஞ்சாமல் பேச அது இடந்தருகிறது. இந்தியாவிலும் 2009 முதல் உயிரியல் துறையில் இளம் ஆய்வாளர்களுக்கென நடக்கும் கூட்டங்கள், அனைவரும் ஓரிடத்தில் தங்கி உரையாடும் முறையைப் பின்பற்றுகின்றன. 2020 முதல் பயஸ்வாட்ச் இந்தியா என்ற முயற்சி, அறிவியல் கருத்தரங்குகளின் உரையாளர் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணி வெளியிட்டு வருகிறது. எண்ணத் தொடங்கியதும், அதுவரை ‘தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை’ என்றவர்களுக்குச் சிலர் கிடைக்கலானார்கள். உரையாளர்களை எண்ணுவதைப் போலவே பேராளர்களையும் எண்ண வேண்டும். நிறுவனம் சாராதவர் எத்தனை பேர் வந்தார்கள், ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர், ஆய்வை இடையில் விட்டவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கருத்தரங்கும் முடிவில் வெளியிட வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவது, பதிவுப் படிவத்தில் ‘நிறுவனம் சாராத ஆய்வாளர்’ என்று நான்காவது பிரிவு வேண்டும். கட்டணம் மாணவர் கட்டணத்தைத் தாண்டக் கூடாது. தகுதிக்குப் பட்டச் சான்றிதழோ வெளியான கட்டுரையோ போதும். இரண்டாவது, மேடைச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, மிஞ்சுவதைப் பயண உதவிக்கு ஒதுக்க வேண்டும். அந்த உதவி பயணத்துக்கு முன்பே கையில் வர வேண்டும். சீட்டுகளைச் சமர்ப்பித்து ஆறு மாதம் காத்திருப்பவருக்குத் தருவது உதவியாகாது. மூன்றாவது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஆளும் வேண்டும். முனைவர் பட்ட விதிமுறைகள் 2016-லேயே பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பை ஏற்றுக்கொண்டன. விடுப்பு முடிந்து திரும்புவோருக்கு வழி எங்கே? நான்காவது, விருந்தினர் விரிவுரையாளருக்கும் ஊதியத்தோடு கூடிய பணிநிமித்த விடுப்பு வேண்டும். ஐந்தாவது, திட்டப் பணியாளரின் உழைப்பு நன்றியுரைப் பத்தியில் முடிந்துவிடாமல், தகுதியுள்ள இடத்தில் ஆசிரியர் பட்டியலில் இடம்பெற வேண்டும். ஆசிரியராகப் பெயர் வந்தவரை அடுத்த கருத்தரங்குக்கு எவரும் அழைக்க மறக்க மாட்டார்கள்.

இவற்றை யார் செய்வது என்று கேட்டு, அரசை நோக்கிக் கைகாட்டிவிடுவது எளிது. அரசுக்குப் பொறுப்பு உண்டு. உதவித்தொகையைத் தேதி தவறாமல் அனுப்புவதே அதன் முதற்கடமை. ஆனால் பதிவுப் படிவத்தை அரசு எழுதுவதில்லை. பொன்னாடைப் பட்டியலை அமைச்சகம் தயாரிப்பதில்லை. அவற்றைத் தீர்மானிக்கும் அமைப்புக் குழுக்களில் அமர்ந்திருப்பவர்கள், அந்தப் புகைப்படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஐவரைப் போன்றவர்கள். அவர்களில் ஒருவர் தம் கழகத்தில் அடுத்த ஆண்டுக் கருத்தரங்கின் செயலாளர். மற்றொருவர் நிதிக் குழு உறுப்பினர். முதன்மையரின் ஒரு கையெழுத்தில் விருந்தினர் விடுதியின் இருபது அறைகள் திறக்கும். பத்தாண்டுகளுக்கு முன் 8,000 ரூபாய்க்குள் மாதத்தை ஓட்டியவர்களும், உதவித்தொகை நிலுவைக்காகப் பதாகை ஏந்தி நின்றவர்களும் இவர்களே. அதிகாரம் கைக்கு வந்தபோது அவர்கள் முதலில் மறந்தது படிவத்தை நிரப்ப முடியாமல் தவித்த தம் நாட்களை.

ஆய்வகம் குடும்பம் அன்று. அது ஒரு வேலையிடம். அங்கே உழைத்தவர் எவராயினும், பட்டம் பெற்றாலும் பெறாவிட்டாலும், அந்த உழைப்பின் மீது அவருக்கு உரிமை உண்டு. அந்த உழைப்பைப் பற்றிப் பேசும் அவையில் அமரவும் உரிமை உண்டு. உரிமையாகக் கிடைக்க வேண்டியதை அன்பினால் ஈடுகட்ட முடியாது. ‘அடுத்த முறை கட்டாயம் வர வேண்டும்’ என்று எழுதிய ஐவருக்கும் அந்த விருப்பம் மெய்யானது என்றால், அவர்கள் வாழ்த்து அனுப்புவதை நிறுத்திவிட்டு அடுத்த கருத்தரங்கின் பதிவுப் படிவத்தைத் திறக்கட்டும். ‘நிறுவனம்’ என்ற கட்டத்துக்கு அருகில் உள்ள கட்டாயக் குறியை நீக்கட்டும். பிறகு அந்த மூவருக்கும் தனித்தனியே தொலைபேசியில் பேசட்டும். குழுவில் இல்லாத நான்காமவரின் எண்ணையும் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.